ஈயம் வைத்துத் தைத்த பந்து

அன்ரனிட்டா என் கணவரின் தங்கை. நான் கலியாணம் முடித்து அல்லைப்பிட்டிக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. வந்த முதல் கிழமை, பாயில் காயப்போட்ட கருவாட்டை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. அவள் ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து எறிந்தாள். அது நாயின் மூக்குக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில் விழுந்து உடைந்தது. நாய் கருவாட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவிட்டது.

"மட்டுமட்டாய்த் தப்பீட்டுது" என்றேன்.

"தப்பேல்லை மச்சாள். நாய்க்கு எறியேல்லை, வழிக்குத்தான் எறிஞ்சனான்" என்றாள்.

அவளுடைய கையைப் பற்றி எனக்கு முதலில் தெரிய வந்தது இதுதான்.

2006 சண்டைக்குப் பிறகு அந்த வீட்டில் தகப்பன் இல்லை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதே வருசம் நாங்களும் ஊரை விட்டு ஓடினதில் நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வீட்டில் இதையெல்லாம் யாரும் கதைப்பதில்லை. மாமி மேரிஜோசப்பின் பின்னேரத்தில் செபமாலை சொல்லுவா. என் கணவர் ஜெகதீஸ் கடலுக்குப் போவார். நான் கிழிந்த வலைகளைப் பொத்துவேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஆனால் கண் சும்மா இருக்காது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

பேஸ்போல் விளையாட்டை அவளுடைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் கஜனி ரீச்சர். பந்தை எறிகிறவள் நடுவிலே ஒரு சின்ன மேட்டில் நிற்க வேண்டுமாம். அடிக்கிறவள் தடியோடு எதிரே நிற்பாளாம். எறிகிறவளின் கை நல்லதென்றால் மற்ற எட்டுப் பேரும் சும்மா நிற்கலாம் என்று அன்ரனிட்டா எனக்கு விளக்கினாள். பள்ளிக்கூடம் முடிந்து, முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போன பிறகும் அவள் விடவில்லை. மாவட்ட அணியில் எறிந்துகொண்டிருந்தாள்.

"கிரிக்கெற் எண்டாலும் ரீவியில பாக்கலாம். இது என்ன கோதாரி விளையாட்டு?" என்று ஜெகதீஸ் கேட்பார்.

"நீங்கள் பிடிக்கிற திரளி மீனையும் ரீவியில காட்டிறேல்லைத்தானே, அண்ணை" என்பாள்.

இருபத்து மூன்று வயதில் அவளுக்கு அந்தச் செய்தி வந்தது. கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களம் தன்னுடைய பெண்கள் அணிக்கு வடக்கிலிருந்து இரண்டு பேரை எடுக்கப் போகிறது. தெரிவு புரட்டாதியில், யாழ்ப்பாணத்தில். எடுபட்டால் நிரந்தர வேலை, தங்க விடுதி. அவளுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. உயர்தரப் பரீட்சை சரிவரவில்லை. மாமி கரம்பொன் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தா. மாப்பிள்ளைக்கு நாற்பது வயது. புரட்டாதி வரைக்கும் பொறுங்கோ என்று அன்ரனிட்டா தாயிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

வைகாசியில் தொடங்கினாள். ஃபோனில் வெள்ளைக்காரர் பாரமான பந்துகளை எறிந்து கை பழக்குவதைப் பார்த்தாள். அப்படிப் பந்து இங்கே எங்கே வாங்குவது? பழைய பந்து ஒன்றையும், ஜெகதீஸ் கழித்துப் போட்ட வலையின் அடிக்கயிற்றிலிருந்து உருவின ஈயக்குண்டுகளையும் கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

"மச்சாள், இதுக்குள்ளை இதை வைச்சுத் தைச்சுத் தாங்கோ. உங்கடை கைத்தையல் எண்டால் விடாது."

பந்தின் தோலைத் தையலோடு பிரித்தேன். உள்ளே இறுக்கிச் சுற்றிய நூல். அதைக் கொஞ்சம் அவிழ்த்து, ஈயத்தை வைத்து, திரும்பச் சுற்றி, வலை நூலால் தைத்தேன். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, கடல் மணல் நிரப்பி, மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டியும் தைத்துக் கொடுத்தேன். பின்வளவில் இரண்டு பனைக்கு நடுவில் கிழிந்த வலையைக் கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டு அதற்கு எறிந்தாள். தடியால் அடிக்கப் பழக மாமியின் உலக்கையை எடுத்தாள். பூண் போட்ட பக்கம் மேலே இருக்க, தோளிலிருந்து வீசுவாள். காற்று இரையும்.

"எடியே, மா இடிக்கக் கேட்டால் கை நோகுது எண்டுறாய். இதுக்கு நோகேல்லையோ?" என்று மாமி குசினிக்குள் இருந்து கேட்பா.

"மா ஓடாதம்மா. பந்து ஓடும்."

இரண்டு குண்டு போதும், கிழமையில் மூன்று நாள், ஒரு நாளைக்கு இருபது எறி, நொந்தால் உடனே நிற்பாட்ட வேண்டும். கஜனி ரீச்சர் சொன்ன கணக்கு இது. அன்ரனிட்டா ஒரு மாதம் கேட்டாள். பிறகு மூன்றாவது குண்டு வைக்கச் சொன்னாள். ஆனியில் ஐந்து. ஆடி பிறக்க எட்டு. ஒவ்வொரு முறையும் நான்தான் பிரித்து, வைத்து, தைத்தேன்.

ஆடியில் சோளகக் காற்றுப் பிடித்தது. கடல் கொந்தளிப்பு என்று ஜெகதீஸ் வீட்டில் நின்றார். ஒரு நாள் அவள் எறிந்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்ததைக் கண்டார்.

"நோகுதோ?"

"கொஞ்சம்."

"நான் முதல் முதல் வலை இழுக்கேக்கையும் உப்பிடித்தான். ரெண்டு நாள் படுத்தன், கை மரம் மாதிரி இறுகிப்போச்சு. பிறகு அப்பு அடிச்சு எழுப்பி இழுக்க வைச்சார். இழுக்க இழுக்க விட்டிட்டுது. விடாதை, எறி."

மாமியும் ஓம் என்றா. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கை நோவு அது ஒன்றுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவள் தலை வாருவதைக் காணும் வரைக்கும். வலை இழுத்து நொந்தவன் கையை மெல்ல மெல்லத் தூக்குவான், ஆனால் தூக்குவான். இவள் சீப்பை வலக்கையில் எடுத்து, காது மட்டும் கொண்டுபோய், பிறகு இடக்கைக்கு மாற்றினாள். யாரும் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். நான் அரிசியைப் புடைப்பது போல நின்றேன்.

சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை, இது வேறு நோவு, நிற்பாட்டு என்று சொன்னால் முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை. புருசன் ஒன்று சொன்ன பிறகு, மாமி ஓம் என்ற பிறகு, ஏழாம் வகுப்புப் படித்த நான் என்ன சொல்கிறது என்று இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் முன்பள்ளிக்குப் போன பிறகு பந்தை எடுத்தேன். தையலைப் பிரித்து ஒரு குண்டை வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் என் பழைய பாவாடைத் துண்டைச் சுருட்டி வைத்து, அதே ஊசித் துளைகளுக்குள்ளால் திரும்பத் தைத்தேன். எடுத்த குண்டை வலைச் சாக்குக்குள் போட்டேன். அடுத்த செவ்வாய் இன்னொன்று. பாரம் குறைந்தால் கை ஆறும் என்று நினைத்தேன். ஒருமிக்க எடுத்தால் தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாய் எடுத்தேன்.

மூன்றாவது கிழமை அவள் ஓடி வந்தாள். வியர்த்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"மச்சாள், பந்து கனக்கேல்லை. கை பிடிச்சிட்டுது. அண்ணை சொன்னது சரி."

அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. அன்றைக்கு அறுபது எறிந்தாள். அடுத்த கிழமை எண்பது. பிறகு நூறு. சிவப்புத் துணி கிழிந்து, வலையில் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டையையும் நான்தான் பொத்தினேன். இன்னும் இரண்டு குண்டு வையுங்கோ, மச்சாள் என்று பந்தைத் தந்தாள். வாங்கிக்கொண்டுபோய், தையலைப் பிரித்து, ஒன்றும் வைக்காமல் தைத்துக் கொடுத்தேன். பந்துக்குள் பத்துக் குண்டு இருப்பதாக அவள் நினைத்தாள். செவ்வாய்க்குச் செவ்வாய் ஐந்து எடுத்ததில் மூன்றுதான் இருந்தது.

ஆவணியில் கஜனி ரீச்சர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து அவளுடைய தோளை அமத்திப் பார்த்தார். அன்ரனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள்தானே பந்து தைக்கிறது? உள்ளுக்கு எத்தினை வைச்சிருக்கிறியள்?"

"ரெண்டுதான் ரீச்சர்" என்று அன்ரனிட்டா முந்திவிட்டாள்.

ரீச்சர் கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன். தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். தண்ணீர் கொதித்த பிறகும் அங்கேயே நின்றேன். வெளியே வந்தபோது ரீச்சர் போவதற்கு எழும்பியிருந்தார்.

தெரிவு நாள் அவளோடு நான்தான் போனேன், பை தூக்க. முதலில் அடிக்க விட்டார்கள். உலக்கை வீசின தோளுக்கு அந்தத் தடி ஈர்க்குப் போல இருந்திருக்கும். மூன்று பந்து மதிலுக்கு அங்காலே போனது. வேகம் பார்க்கிற கருவியோடு நின்ற மனிதர், எறிகிறவள் இவள்தானோ என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். பிறகு எறியக் கூப்பிட்டார்கள்.

முதல் எறிக்கு அந்த மனிதர் கருவியைப் பார்த்தார், திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாவதுக்கு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மூன்றாவதுக்கு அவள் காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, கையை வீசினாள். பந்து அவளுக்கு முன்னால் நாலு முழத்தில் விழுந்து உருண்டது.

அவள் கத்தவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்துபோய், இடக்கையால் பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வழுக்கிட்டுது சேர். இன்னொருக்கா எறியிறன்."

எறியச் சொன்னார்கள். வலக்கைக்குப் பந்தை மாற்றினாள். கை இடுப்புக்கு மேலே வரவில்லை. மூன்று தரம் பார்த்தாள். அந்த மனிதர் கருவியைப் பைக்குள் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் தோளுக்குள் தசைநார் அறுந்துவிட்டது என்றார். வெட்டித் தைக்கலாம், ஆனால் எறிகிற கை திரும்பி வராது.

"ஒரு நாளைக்கு எத்தினை எறிஞ்சனீர்?"

"நூறு."

"என்ன பாரத்தில?"

"பத்து ஈயக்குண்டு."

அவர் எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பத்துக் குண்டெண்டால் நீர் நூறு எறிஞ்சிருக்க ஏலாது. கை தானா மெதுவாகும், களைச்சு நிக்கும். பாரம் கூடினாலும் கெடும்தான். ஆனால் இது முழு விசையில எறிஞ்சு எறிஞ்சு அறுந்தது."

நான் கதவடியில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதின தாளில் பத்து என்றே இருந்தது. பாரத்தைக் குறைக்காமல் அப்படியே விட்டிருந்தால் அவள் களைத்து நின்றிருப்பாள். அது அந்தக் கதவடியில்தான் எனக்கு விளங்கியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கரம்பொன் சம்பந்தம் தானாக நின்றுபோனது. கை விளங்காத பெட்டை என்று அவர்கள் சொன்னதாக மாமி அழுதா. முன்பள்ளியிலும், பிள்ளைகளைத் தூக்க ஏலாது என்று வேறு ஆளை எடுத்தார்கள்.

தை மாதம் ஜெகதீஸ் புது வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் குறைந்தது.

"பிள்ளை, உன்ரை பந்துக்குள்ளை பத்துக் கிடக்கெல்லே. இனி என்னத்துக்கு அது, எடுத்துத் தா" என்றார். அவர் நோகடிக்கச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கதைக்கத் தெரியும்.

அவள் பந்தை எடுத்து வந்து நிலத்தில் இருந்தாள். குதியால் அமத்திப் பிடித்துக்கொண்டு, இடக்கையில் கத்தியை வைத்துத் தையலை அறுத்தாள். நான் எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று குண்டு உருண்டு விழுந்தது. பிறகு நீலப் பூப் போட்ட துணி, சுருள் சுருளாக வந்தது. அந்தப் பாவாடையை நான் கட்டிக்கொண்டு அவள் எத்தனையோ நாள் கண்டிருக்கிறாள்.

துணியை விரித்து முழங்காலில் வைத்துத் தடவினாள்.

"மற்றது எங்கை?" என்று ஜெகதீஸ் கேட்டார்.

"மூண்டுதான் இருந்தது அண்ணை. நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

அவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"ஆடியில. நீர் இடக்கையால தலை வாரின நாளுக்குப் பிறகு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் மச்சாள்."

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் துணியை மடித்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது இரண்டு பேரும் நண்டுக் கொம்பனிக்குப் போகிறோம். அவித்த நண்டில் சதை எடுக்கிற வேலை. மேசைக்கு மேலே கை தூக்கத் தேவையில்லை என்பதால் அவளுக்கு ஏலும். என்னோடு அளவாகக் கதைப்பாள். சந்தைக்குப் போவது, பஸ் பிந்தினது, மாமிக்கு மருந்து, இவ்வளவும்தான். உள்ளே போகும்போது எல்லாரும் தலைமயிரை மூடி வலைத்தொப்பி போட வேண்டும். ஒரு கையால் அதைப் போட ஏலாது. அவள் கேட்கமாட்டாள். தொப்பியை இடக்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, தலையைக் குனிவாள். நான் மயிரை ஒதுக்கி, தொப்பியை இழுத்துக் காதுக்கு மேலே சரிப்படுத்துவேன். அந்த நேரத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அதற்குள் மணி அடித்துவிடும்.