கெண்டைக்குச் சம்பந்தம் தேடி மலையேறினோம்

வத்தலக்குண்டில் இறங்கியபோது காலை ஐந்தே முக்கால். தைப் பனி காதைக் கடித்தது. அய்யம்பாளையத்துக்கு நகரப் பேருந்தில் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். மதுரைக் கல்லூரியொன்றில் விலங்கியல் நடத்துகிறவன் நான். மீன்களின் மரபு பற்றி இருபது வருடமாகக் கரும்பலகையில் வட்டமும் சதுரமும் வரைந்ததோடு சரி. ஒரு மீன் குஞ்சுப் பண்ணைக்காரி என்னை நம்பி வரச் சொன்னதில் பெருமையும் உதறலும் சரிபாதி.

ஆறரைக்குப் பண்ணை. நான்கு சிமெண்டுத் தொட்டி, இரண்டு மண்குளம். முத்துலட்சுமி ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு குஞ்சுகளை அள்ளிக் காட்டினார். பலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. சிலவற்றுக்குச் செவுள் மூடியே இல்லை.

"மூணு வருசமா இப்படித்தாங்க சார். பாதி முட்டை வெள்ளை விழுந்து அழுகிருது. பொரிச்சதும் இந்த லட்சணத்துல கெடக்கு. தண்ணியில கோளாறா, தீவனத்துலயா?"

"எத்தனை தாய்மீன் வைத்திருக்கிறீர்கள்?"

"எதுக்கு சார் நெறைய? நல்லாப் பெருத்த ஒரு கெண்டை, ரெண்டு ஆண்மீன். அதுவே லட்சக்கணக்குல முட்டை விட்டுருமே. அதுல வளந்ததுல பெருசாப் பாத்து அடுத்த தாய்க்கும் ஆணுக்கும் விட்டுருவேன். அப்பா காலத்துல இருந்து, இருபத்தஞ்சு வருசமா இதே வழக்கம்தாங்க."

ஆடு வளர்ப்பவருக்கு இந்தத் தவறு வராது. ஓர் ஆடு இரண்டு குட்டிதான் போடும். மந்தைக்குப் பல தாய் வேண்டும். மீனோ ஒன்றே ஊருக்கெல்லாம் பெற்றுக் கொடுத்துவிடுகிறது. பெரியதைப் பொறுக்கியது சரி, ஒரே வயிற்றிலிருந்து பொறுக்கியதுதான் வினை. இருபத்தைந்து வருடமாக அந்தக் குளத்தில் அண்ணனும் தங்கையுமே ஜோடி. வேறு ரத்தம் கலக்காமல் எந்தத் தீவனமும் உதவாது என்று சொன்னேன். ஆயக்குடிப் பக்கம் குளத்தைக் குத்தகை எடுத்தவர் இரண்டு மாதத்தில் குஞ்சு கேட்டிருக்கிறாராம். அதற்குள் புதுத் தாய்மீன் வேண்டும். இன்னொரு வருடம் கூனல் குஞ்சு கொடுத்தால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

முத்துலட்சுமியின் கணவர் பாண்டி உடனே ஓர் இடம் சொன்னார். தாண்டிக்குடிக்கு மேலே வேலுச்சாமி என்ற விவசாயியின் தண்ணீர்க் குட்டையில் பல வருடமாகக் கெண்டை கிடக்கிறதாம். எட்டு மணிக்குக் குட்டி யானை வண்டியில் இரண்டு டிரம் தண்ணீர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், நாங்கள் மூவர். வளைவுகளை எண்ணத் தொடங்கிப் பதினாறாவதில் கணக்கை விட்டேன். வழியில் பெரும்பாறையில் டீ பதினைந்து ரூபாய். கமலா ஆரஞ்சு கிலோ எண்பது. நான் பேரம் பேசித் தோற்றேன். பாண்டி சிரித்தார்.

பதினொன்றுக்குக் குட்டை. சௌசௌ பந்தலுக்குக் கீழே பச்சைத் தண்ணீர். வேலுச்சாமி கரையில் நிற்க, பாண்டியின் முதல் வீச்சிலேயே வலையில் ஏழெட்டு மீன் துள்ளியது. நேரான முதுகு, அகன்ற வால். எனக்கே வாயெல்லாம் பல்.

முத்துலட்சுமி ஒன்றை ஈரச் சாக்கில் ஏந்திக்கொண்டு, டிரம்மில் விடுமுன், பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார். "அண்ணே, இதுகளுக்குப் பூர்வீகம் எதுங்க?"

"எங்கப்பா விட்டதும்மா. கீழ அய்யம்பாளையத்துல ராமையான்னு ஒருத்தர் குஞ்சு வித்தாராம். பால் கேன்ல கொண்டாந்தாரு."

"அது எங்கப்பாங்க."

வேலுச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, ராமையா மகளா! அப்பச் சாப்பிடாமப் போகக் கூடாது" என்று வீட்டுப் பக்கம் ஓடினார். எங்கள் மூவருக்கும் முகம் செத்துவிட்டது.

பாண்டி மெதுவாகச் சொன்னார்: "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு புள்ள. வேற மலை, வேற தண்ணி. நாலைப் புடிச்சுட்டு வெரசாக் கெளம்புவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கும் சபலம் தட்டியது. பிரிந்து இத்தனை வருடம் ஆனதில் கொஞ்சம் மாறியிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அது போதாது என்று தெரிந்தே எடுத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முத்துலட்சுமி மீனைப் பார்த்தபடியே பேசினார். "நம்மளக் கட்டி வைக்கிறப்ப யாரும் பூர்வீகம் கேக்கல மாமா. நீங்க எங்கம்மா கூடப் பொறந்த தம்பி, சொத்து வெளிய போகாதுன்னு முடிச்சுட்டாக. ரெண்டு புள்ளையப் பொதச்சோம். அதுக்கப்புறந்தான் டாக்டரம்மா சொந்தமான்னு கேட்டாக. அன்னைக்குத் தெரியாது, சரி. இன்னைக்குத் தெரிஞ்சும் எடுத்துட்டுப் போவமா?"

குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டார். அங்கேயே நின்று ஆயக்குடிக்காரருக்குப் போன் செய்தார். "அண்ணே, இந்த வருசம் எங்கிட்டக் குஞ்சு இல்லீங்க. நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க." பேசி முடித்து ஈரச் சாக்கை உதறி மடித்தார். நான் பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உறவுக்குள் இனப்பெருக்கம் என்பது என் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி.

வேலுச்சாமி வீட்டில் சோறும் மொச்சைக் குழம்பும். இரண்டரைக்குக் கிளம்பினோம். டிரம் தண்ணீரைப் பந்தலுக்கே கொட்டிவிட்டதால் வண்டி லேசாகி வளைவுக்கு வளைவு குதித்தது. பெரும்பாறையைத் தாண்டினோம். வண்டி ஓட்டிய பாண்டி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"சார், நெசமாவே ஒட்டு உறவில்லாத மீனு எங்க கெடைக்கும்? எம்புட்டுத் தூரம்னாலும் சொல்லுங்க. நாளைக்கு வெள்ளனே நானே போறேன்."