குழாயடியில் கேட்ட ஒரு சொல்

போன வாரம் இடப்பள்ளிக்குத் துணி எடுக்கப் போனேன். கடைக்குப் பக்கத்தில் யாரோ வெந்தயக்கீரை போட்டுச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். பல வருஷத்துக்கு முன் எனக்குக் கீழ்வீட்டில் இருந்த ஹன்ஸாபென் வீட்டு வாசனை அது. வாசனையோடு, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்ற பழைய சந்தேகமும் வந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

தென்காசியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வேலைக்கு வந்த புதிது. மிளகு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கும் வேலை. பஜாருக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே குறுகலான முற்றத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய். மலையாளம், கொங்கணி, குஜராத்தி மூன்றும் அங்கே தண்ணீரோடு சேர்ந்து ஓடும். எனக்கோ மலையாளமே தத்தக்கா பித்தக்கா. 'சாயா' என்று சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் விரலை நீட்டியே வாங்கிக் குடித்தவள் நான்.

கீழ்வீட்டு ஹன்ஸாபென்னும் அவர் நாத்தனாரும் நான் குடத்தோடு இறங்கினால் மலையாளத்தை விட்டுக் குஜராத்திக்குத் தாவிவிடுவார்கள். என்னைப் பார்ப்பார்கள், குரல் தாழும். ஒரு சொல் மட்டும் அடிக்கடி காதில் விழும்: 'பிச்சாரி'.

தமிழ்க் காது அதை வேறு எப்படிக் கேட்கும்? சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போடுவேன். "என்னயப் பிச்சக்காரிங்காளுவம்மா" என்று ஆரம்பித்து, ஹன்ஸாபென்னின் மூக்குத்தி முதல் நடை வரை ஒன்று விடாமல் சொல்வேன். இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியம்.

திருப்பிக் கேட்க வேண்டும் என்றுதான் குஜராத்தி படித்தேன். மொழி ஆசையெல்லாம் இல்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த குஜராத்திப் பெண் ஜிக்னாவிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல் சொல்லாகக் கேட்டு வாங்கினேன். அவளும் அந்தக் கூட்டம்தானே என்று, அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்காமல் ஒளித்து வைத்துக்கொண்டேன். இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்டாள். பொழுதுபோக்கு என்றேன். அவள் நம்பவில்லை.

ஒருநாள் காலையில் மறுபடி அந்தச் சொல். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒத்திகை பார்த்திருந்த குஜராத்தியில், ஏன் என்னை அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நாத்தனார் சட்டென்று உள்ளே போய்விட்டார். ஹன்ஸாபென் குழாயை மூடினார். பிறகு நல்ல கோயம்புத்தூர்த் தமிழில் சொன்னார்:

"பிச்சக்காரி இல்லீங்க. பாவம்னு அர்த்தம்."

அவர் பிறந்து வளர்ந்ததே கோவையிலாம். மாடிப்படியில் நான் பேசியது அத்தனையும், மூக்குத்தி உட்பட, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெட்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எதற்குப் பாவம் என்றேன்.

"உங்க ஆபீஸ மூடப்போறாங்களாமா. எங்க வீட்டுக்காரரு மிளகு புரோக்கருங்கல்ல, அவருக்குத் தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னாரு. ஒண்டியா வந்த புள்ளகிட்டச் சொல்றதா வேண்டாமான்னுதான் நாங்க பேசிக்கிட்டிருந்தோம்."

நம்பினேனா? இல்லை. என்னை அறையிலிருந்து கிளப்பப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றியது. முதலாளியின் முகத்தை உளவு பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பயம் விடவில்லை. ஏலூரில் ஓர் ஆலை அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனேன், கிடைத்தது. அலுவலகம் மூடப்போகும் சேதியை, அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதோடு சேர்த்து ஜிக்னாவிடமும் சொன்னேன்.

"வேவு பாக்கத்தான் எங்க பாஷை படிச்சியா, சேச்சி?" என்றாள் அவள். அதற்குப் பிறகு என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஓணத்துக்கு முன்பே அலுவலகம் பூட்டப்பட்டபோது அவளுக்கு வேறு வேலை இல்லை.

ஹன்ஸாபென்னும் நானும் உயிர்த் தோழிகள் ஆனோம் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. நான் ஏலூருக்குக் குடிபோகும்வரை தமிழில் பேசிக்கொண்டோம். சப்பாத்தி கொடுத்தார், வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு பேருமே பார்த்துத்தான் பேசினோம்.

இடப்பள்ளியிலிருந்து அன்றைக்கே பஸ் பிடித்து மட்டாஞ்சேரிக்குப் போனேன். அந்த வீடு வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. முற்றத்தில் குழாய் இல்லை. அறைக்கு அறை தண்ணீர் வருகிறதாம். ஹன்ஸாபென் குடும்பம் எங்கே போனது என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. வாசலில் இருந்த பெண் ஆங்கிலத்தில் அழகாக வரவேற்றாள்; அறை வேண்டாம் என்றதும் அதே சிரிப்போடு போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்த வீட்டில் என்னைப் பற்றிக் கிசுகிசுக்க இப்போது யாருக்கும் எதுவும் இல்லை.