அம்மா வந்திருக்கா

என் பிள்ளைகளே, உங்கள் அம்மா பெரியம்மையில் பிழைத்தெழுந்தது உங்களுக்குத் தெரியும். அப்போது நான் செய்த தவறு தெரியாது.

நோயின் பெயரை நம் குப்பத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. அதனால் வாசலில் வேப்பிலை செருகி, “வீட்டுக்கு அம்மா வந்திருக்கா, உள்ள வராதீங்க” என்று மட்டும் சொல்லி, உங்களைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டேன். ஒல்லாந்தர் கோட்டைக்கு இறால் கொண்டுபோய்விட்டேன். பெரியவனுக்கு விஷயம் புரிந்தது. சின்னவளே, உனக்கு அப்போது ஐந்து வயது.

மூன்றாம் நாள் நீ சோற்றைத் தொடவில்லை. “இன்னாடி அடம்? முதுகு பழுத்துடும்!” என்று அத்தை கத்தினாள். கோட்டையிலிருந்து திரும்பிய நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேட்டேன்.

“புது அம்மா வந்துட்டாங்கன்னா, நம்ம அம்மாவ எங்க நைனா அனுப்பிட்ட?” என்றாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நம் வீட்டு ஓலைத் தட்டிக்கு வெளியே நின்றேன். “அம்மா உள்ளதான் படுத்திருக்கா கண்ணு. உடம்பு ரொம்ப முடியல. நானும் பயந்துகினுதான் இருக்கேன்” என்றேன்.

உள்ளேயிருந்து அவள், “சோறு துன்னியாடி?” என்றாள். அப்போதுதான் நீ அழுதாய்.

பயப்படுவாய் என்று மறைத்தேன். அதைவிடப் பெரிய பயத்தில் உன்னைத் தனியாக விட்டிருந்தேன்.

நீ அத்தை வீட்டுக்குத் திரும்பியபின், மீன் அறுக்கும் கத்தியால் அந்தத் தட்டியில் உன் கண் உயரத்துக்கு ஓர் ஓட்டை போட்டேன்.