ஆறுதலாக வந்த குட்டி

எங்கள் நாய் மணி, பார்வோ என்ற வைரஸ் நோயில் போன வாரம் செத்துப்போனது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்குமாம். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டி எதையும் வீட்டுப் பக்கம் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று காலை என் பழைய மாணவன் செல்வம் சமயநல்லூரிலிருந்து ஒயர்கூடையோடு வந்தான். நான் "இருப்பா" என்பதற்குள் கூடையைச் சாய்த்துவிட்டான். கறுப்புக் குட்டி ஒன்று இறங்கி ஓடி, மணி படுத்துக் கிடந்த வேப்பமரத்தடி மண்ணை நக்கியது.

"வீடு வெறிச்சுனு கெடக்கக் கூடாது சார். வீட்டுல அம்மா எம்புட்டு அழுதாங்களாம்! அதான் தூக்கியாந்துட்டேன்."

"ஊசி போட்டாச்சா?"

"இனிமேத்தான் சார். நீங்களே போட்டுருங்க."

குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். ஊசி போட்டார். "இனிமே பயமில்லையே?" என்றேன்.

"இன்னைக்குப் பாடம் நடத்தி இன்னைக்கே பரீட்சை வைப்பீங்களா சார்? ஒடம்புல எதிர்ப்புச் சக்தி உண்டாக நாளாகும். தாய்ப்பால்ல வந்தது மிச்சம் இருந்தா தப்பிச்சுக்கும். வேற என்ன செய்ய?"

ஆயுள் முழுக்க உதாரணம் சொன்னவனுக்கே உதாரணம்.

சற்று முன் செல்வம் செல்லில் கூப்பிட்டான். "குட்டி என்ன செய்யுது சார்?"

"செருப்பைக் கடிக்குது."

"அப்படியே நம்ம மணி மாதிரி!" என்று சந்தோஷப்பட்டான்.

அதற்குள் என் மனைவி குட்டிக்குப் பெயரும் வைத்துவிட்டாள். கொஞ்ச நாள் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களில் யாருக்காவது வருமா?