ஜீப்புக்குச் சாமி வந்த வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்கள் ஜீப்புக்குச் சாமி வந்துவிட்டது.

கிண்டல் இல்லை. கிரிவலப் பாதையில் மெதுவாகப் போகும்வரை பசுமாடு மாதிரிதான் போனது. அப்பா கொஞ்சம் மிதித்தார். அவ்வளவுதான்... கதவு ஆடியது, கண்ணாடி ஆடியது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் கன்னங்கள் தனியாக ஆடின. பின் சீட்டில் என் மடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. இப்போது அது செம்பில் இல்லை, என் பேன்ட்டில் இருந்தது.

ரோட்டோரம் உட்கார்ந்திருந்த காவி வேட்டிச் சாமியார் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் பக்தியோடு கும்பிட்டேன்.

“அவரு ஆசீர்வாதம் பண்ணலடா. வண்டிய நிறுத்தச் சொல்றாரு” என்றார் அப்பா.

டிரான்ஸ்பர் கேஸ் மாற்றி, ஷாஃப்ட்டில் கிராஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, முதல் ஓட்டம் இது. முன்பு சத்தமும் பள்ளத்தில் தூக்கிப் போடுவதும்தான் இருந்தது. செலவு செய்த பிறகு ஆட்டமும் சேர்ந்துகொண்டது. இன்னும் இரண்டே நாளில் என் அக்காவுக்கு வளைகாப்பு.

வளைகாப்புக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஊரில். இது தலைப்பிரசவம். வளையல் போட்டு முடித்ததும் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதுவும் பிறந்த வீட்டு வண்டியில்தான் வர வேண்டும் — இது அப்பா போட்ட சட்டம். பிறந்த வீட்டு வண்டி என்று எங்களிடம் இருப்பது இந்த ஜீப்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்து நிலத்திலிருந்து வேர்க்கடலை — எங்கள் பக்கம் மல்லாட்டை — மூட்டை ஏற்றியே தேய்ந்துபோன ஜீப். என்னைவிட மூத்தது. அதனால் வீட்டில் என்னைவிட அதற்கு மரியாதை ஜாஸ்தி.

இப்படியிருக்க, அக்காவின் மாமியாரிடமிருந்து போன் வந்தது. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“சம்பந்தி, தப்பா நெனைச்சிக்காதீங்க. உங்க ஜீப்புல ஏத்தினா போளூர் தாண்டறதுக்குள்ள கொழந்த பொறந்துடும். எங்க கார்லயே கொண்டாந்து விட்டுடறோம். நீங்க பஸ்ல வந்துடுங்க.”

பஸ்ல வந்துடுங்க! கார் என்றதுகூட அப்பாவுக்கு உறைக்கவில்லை. அந்த பஸ்தான் நெஞ்சில் ஏறி நின்றது.

போனில் பின்னாலிருந்து அக்காவின் குரல்: “அப்பா, நான் நம்ம ஜீப்புலதான் வருவேன்... தூக்கித் தூக்கிப் போடாம இருந்தா.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். “சம்பந்தியம்மா, ஜீப்புல ஒரு செம்பு நெறைய தண்ணி வெச்சி எடுத்தாரேன். அது அப்படியே உங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சின்னா எம்பொண்ணு ஜீப்புல வரட்டும். சிந்திச்சின்னா உங்க கார்ல வரட்டும்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“மாற மாட்டேன்!”

போனை வைத்த பிறகுதான் அம்மா கேட்டார். “ஏங்க, தாழ்ப்பாளுக்கே கதவு நிக்காத வண்டி அது. அதுல தண்ணி நிக்குமா?”

அதற்குத்தான் கபீர் பாய் வந்தார்.

பாய்க்குச் செங்கம் ரோட்டில் ஒர்க்‌ஷாப். வேலையில் கெட்டி. வாய் அதைவிடக் கெட்டி. வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது.

“கிராஸ் அத்தினியும் அவுட்டு. டிரான்ஸ்பர் கேஸு... அண்ணே, இதுக்குள்ள கியர் வெச்சிருக்கிறியா, மல்லாட்ட மூட்டை வெச்சிருக்கிறியா? கடகடன்னுது!”

டிரான்ஸ்பர் கேஸ் என்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி. எஞ்சினின் பலத்தை முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கிற பெரிய மனுஷர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் மண்டையைப் போட்டால் அண்ணன் தம்பி இழுத்துக்கொள்வார்கள் இல்லையா, அதே கதைதான். பாய் வேலூருக்குப் போய், இதே மாடல் பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய நல்ல பெட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையிலேயே வேலை. மேற்பார்வை? நான்தான். எங்கள் பரம்பரையில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் மாத்திரை அட்டையிலிருந்து மோட்டார் வரைக்கும் எதில் சந்தேகம் வந்தாலும் வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பி.காம். படித்தவனுக்கு டிரான்ஸ்பர் கேஸ் தெரியாதா? நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பாமல் இரண்டு ராத்திரி வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன்.

“பாய், ஒரு வெள்ளைக்காரர் சொல்றாரு, ஷாஃப்ட்ட பிரிக்கறதுக்கு முன்னாடி...”

“அவரு பேரு இன்னா தம்பி?”

“தெரியல பாய்.”

“அவருக்கு என் பேரு தெரியுமா?”

“எப்படித் தெரியும்?”

“அப்ப சரியாப்போச்சு. அந்த ஸ்பேனர எடு.”

வியாழக்கிழமை பெட்டி ஏறியது. ‘ஏறியது’ என்று எழுதுவது சுலபம். ஏற்றும்போது அந்தப் பெட்டி முக்கால்வாசி நேரம் என் நெஞ்சின் மேல்தான் இருந்தது. மல்லாந்து படுத்து, கைக்குழந்தை மாதிரி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பாய் போல்ட்டைத் தேடும்வரை மூச்சை அடக்கிக் கிடந்தேன். மிச்சமிருந்த பழைய ஆயில் சொட்டுச் சொட்டாக என் காதுக்குள் இறங்கியது. மனிதருக்கு அந்த போல்ட் கிடைத்ததோ அவருடைய சட்டைப் பையிலிருந்து.

வெள்ளிக்கிழமை காலையில் ஷாஃப்ட் — பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு. இது ஒரே கம்பி இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு பாதி. இரண்டு முனையிலும், கூட்டல் குறி மாதிரி இருக்கும் கிராஸைப் பிடித்துக்கொள்ள, கவட்டை மாதிரி ஒவ்வொரு கவை இருக்கும். இரண்டு கவையும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று கிழக்கும் ஒன்று தெற்குமாகப் பார்த்தால் வேகம் கூடக்கூட வண்டி உதறும். அந்த வெள்ளைக்காரர் சொன்னதும் அதைத்தான். சும்மா சொல்லக் கூடாது, பாயும் பிரிக்கும் முன்பே இரண்டு பாதியிலும் நேருக்கு நேராக ஒவ்வொரு சிவப்பு பெயின்ட் புள்ளி வைத்துவிட்டார்.

“சேக்கறப்போ செவப்புக்குச் செவப்பு. அவ்ளோதான் விஷயம். மார்க் வெச்சிட்டா கண்ணே வேணாம் தம்பி.”

பழைய கிராஸைத் தட்டிக் கழற்றி, புதிதைப் போட்டு, பாதிகளைச் சாக்கில் கிடத்திவிட்டு, பாய் கை கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். நானே பைக்கில் பள்ளிவாசலில் இறக்கிவிட்டு, நான் பைல் தள்ளுகிற ஆபீஸிலும் ஒரு எட்டு தலையைக் காட்டிவிட்டு வந்தேன். தொழுது, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு பாய் திரும்பினார். யாரோ வேலூர் பார்ட்டியோடு போனில் சண்டை போட்டபடியே ஷாஃப்ட்டைச் சேர்த்தார். செவப்புக்குச் செவப்பு. நான் பார்த்தேன். அப்பா பார்த்தார். மூன்று பேரும் தலையாட்டினோம்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. கிரிவலப் பாதை, சாமியார், என் பேன்ட்.

வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால், வாசலிலேயே போன்.

“சம்பந்தி, செம்புல தண்ணி இருக்குதா?”

“இருக்குது” என்றார் அப்பா. பொய் இல்லை. அடுப்பங்கரைக் குடத்தின் மேல் வேறொரு செம்பு இருந்தது. அதில் இருந்தது.

போனை வைத்த பிறகு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாப்பிடாமல் ஜீப்பின் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார். “பஸ்ல போயி எறங்கணுமாடா நானு? சீர்த் தட்ட மடியில வெச்சிக்கினு?” என்று கேட்டார். நான் போனை எடுத்து மறுபடி வீடியோவைத் தேடினேன். வெள்ளைக்காரர் சீர்த் தட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

சனிக்கிழமை விசாரணை கமிஷன் கூடியது. அப்பாவுக்கு வேலூர்ப் பெட்டி மேல் சந்தேகம். எனக்குச் சக்கரத்தின் மேல் சந்தேகம். பாய்க்கு அப்பா ஓட்டிய விதத்தின் மேல் சந்தேகம்.

“என் வேலையில சொத்தைன்னு ஒருத்தன் சொன்னதில்ல அண்ணே! இந்தா, கழட்டியே காட்றேன்” என்று பின் ஷாஃப்ட்டை இறக்கி வெயிலில் நீட்டினார். “பாத்துக்கோ. செவப்புக்குச் செவப்பு!”

உண்மைதான். சிவப்பும் சிவப்பும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் நான் சும்மா ஷாஃப்ட்டை உருட்டினேன். அந்தப் பக்கம் இன்னொரு சிவப்பு. இன்னும் உருட்டினால் இன்னொன்று.

“பாய், எத்தனை பொட்டு வெச்சீங்க?”

“பக்கத்துக்கு ஒண்ணு.”

“இங்க அஞ்சு இருக்கு.”

பாய் குனிந்து பார்த்தார். அதில் மூன்று புள்ளிகளுக்குக் கீழே வட்டமாக மஞ்சள். பெயின்ட்டுக்கு யாராவது மஞ்சள் அஸ்திவாரம் போடுவார்களா? நகத்தால் சுரண்டினேன். விரலில் ஒட்டியது. இந்த நிறத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் என் நெற்றியில் ஏறியது இது.

“அம்மா...”

அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். “இன்னாடா?”

“இதுல நீ ஏதாச்சும் வெச்சியா?”

“ஆமா, வெச்சேன். அந்தப் பெட்டிய எந்த வண்டியில இருந்து கழட்டினானோ, அதுக்கு இன்னா ஆச்சோ. எம்பொண்ணு மாசமா இருக்கிற நேரத்துல வெறும் நெத்தியோட உள்ள போடுவீங்களா? பெட்டிக்குத்தான் வெக்கலாம்னு குனிஞ்சேன், இடுப்பு புடிச்சிக்கிச்சி. வெளிய கெடந்த உருளைக்கு வெச்சேன். ராகு காலம் முடிஞ்சிதான் வெச்சேன்!”

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிவது பன்னிரண்டு மணிக்கு. பாய் ஜும்மாவுக்குக் கிளம்பியதும் ஏறக்குறைய அப்போதுதான். அவர் அங்கே தொழுதுகொண்டிருந்தபோது அம்மா இங்கே பூஜை முடித்திருக்கிறார். கிரீஸ் மேல் வைத்த குங்குமம் எங்கே போகும்? கல்லு மாதிரி பிடித்துக்கொண்டது. பாயின் பெயின்ட் புள்ளி ஒரு பாதியில் அடிப்பக்கம் போய்விட்டது. மேலே தெரிந்த அம்மாவின் பொட்டோடு மற்றப் பாதியைச் சேர்த்துவிட்டார் மனிதர்.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

“அண்ணி, முப்பது வருஷமா என் மார்க்க நம்பித்தான் மாட்டறேன். மொத மொறையா உங்க சாமிய நம்பி மாட்டியிருக்கேன். அதான் வண்டி அப்படி ஆடியிருக்குது!”

“என் பொட்டுல இன்னா கொறை? உங்க கண்ணுலதான் கொறை” என்றார் அம்மா.

அம்மா சொன்னது சரிதான். யோசித்துப் பாருங்கள். இரண்டு கவையும் ஒரே திசையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பார்வை போதும். மூன்று ஆம்பளைகள் நின்றோம். ஒருவரும் கவையைப் பார்க்கவில்லை, பொட்டைத்தான் பார்த்தோம். முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் பைலை நகர்த்துகிற ஆள் நான். ஷாஃப்ட்டை மட்டும் படித்துவிடுவேனா?

பாய் துடைத்துச் சுத்தம் செய்து சரியாகச் சேர்த்தார். போல்ட்டை முறுக்கிய பிறகு, “இப்ப வைங்க அண்ணி. எத்தினி வேணாலும் வைங்க” என்றார். அம்மா வைத்தார். இந்த முறை பாயின் டூல்ஸ் பெட்டிக்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை. செம்பு என் மடியில். போளூர் வரைக்கும் தண்ணீரில் ஒரு சின்ன வளையம்கூட எழவில்லை. அடிவாரத்து மண் ரோட்டில்தான் ஒரு பள்ளம் எங்களை ஏமாற்றியது. இரண்டு வாய்த் தண்ணீர் காலி.

வாசலிலேயே சம்பந்தியம்மா செம்புக்குள் எட்டிப் பார்த்தார். “கொறையுதே!”

“வர்ற வழியில நாக்கு வறண்டுச்சி. நான்தான் ஒரு வாய் குடிச்சேன்” என்றார் அம்மா. கண்கூட இமைக்கவில்லை. என் ஈரமான பேன்ட்டை நான் சீர்த் தட்டால் மறைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா லேசுப்பட்ட ஆளா? வளையல் போட்டு, கலந்த சாதம் சாப்பிட்டு முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார். “நானும் ஜீப்புல வரேன். மருமகப் பக்கத்துலயே உக்காருவேன். எம்பையன் கார பின்னாடியே ஓட்டினு வரட்டும். ஒரே ஒரு தடவ குலுங்கட்டும், அங்கியே எறக்கி கார்ல ஏத்திடுவேன்.”

ஊர் எல்லையில் ஓர் ஓடை. காலையில் கணுக்கால் அளவுக்கு இருந்த தண்ணீர், மலையில் பெய்த மழைக்கு ஏறியிருந்தது. அப்பா இறங்கி ஆழம் பார்த்தார். திரும்பி வந்து டிரான்ஸ்பர் கேஸின் குட்டை லீவரைத் தள்ளினார். நாலு சக்கரமும் பிடித்துக்கொள்ள, ஜீப் எருமை மாதிரி நிதானமாக இறங்கி, அந்தப் பக்கம் ஏறியது. அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் பார்த்தால், அக்காவின் கணவரான மாமா, காரால் இறங்க முடியாமல் அந்தக் கரையிலேயே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாறி ஏற இனி கார் இல்லை. சம்பந்தியம்மா முன் சீட்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “போளூர் வரட்டும். அங்க தெரியும்.”

போளூர் வந்தது. தார் ரோட்டில் அப்பா மிதித்தார். வெள்ளிக்கிழமை சாமி வந்த அதே வேகம். அதற்கும் மேலே. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்துக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கர்ர்... கர்ர்... அப்பா பதறி வேகத்தைக் குறைத்தார். சத்தம் குறையவில்லை. திரும்பிப் பார்த்தோம். சம்பந்தியம்மா, அக்காவின் தோளில் முழுத் தலையையும் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா...” அக்கா கிசுகிசுத்தாள். “தோளு மரத்துப்போச்சிப்பா. லேசா ஒரு குலுக்கு குலுக்கேன், அத்தை எழுந்துப்பாங்க.”

அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு.

“நான் இன்னாம்மா பண்றது? வண்டி குலுங்க மாட்டேங்குதே!”