பேசிக்கொண்டே நடக்கிற வேகம்

ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவது அந்த வீட்டின் மூத்த மருமகளான பெரியவளின் வேலை. கொழுந்தனின் மனைவியான ஓர்ப்படி கை கொடுக்க வந்தால், "நீ விடு, எனக்கு இது எக்சர்சைஸ்" என்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவுவாள். மேலே போய்ச் சேரும்போது முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். காதுக்குள் யாரோ துணி துவைப்பதுபோல் திம் திம்மென்று கேட்கும்.

உடம்பை வருத்தினால்தான் பிரஷர் இறங்கும் என்பது அவள் கட்சி. அது இறங்கியே ஆகவேண்டும். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவளுக்கு வலது கண்ணில் புரை. இடது கண்ணும் சுமார்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாமல், ஒருவருடைய கோட்டில் பாக்கெட்டின் வாயையே சேர்த்துத் தைத்துவிட்டாள். கண் டாக்டரோ, "முதல்ல பிரஷர் இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். இப்படியே போனால் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

ஓர்ப்படி குடியிருந்தது மேல் வீட்டில். தினமும் காலையில் இறங்கி வந்து, அன்றைக்கு வேண்டிய ஊசிகளில் நூல் கோத்துக் குத்திவைத்துவிட்டுப் போவாள். அதுவரை வாய் ஓயாது. பெரியவள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவாள். ரேடியோவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்கு ரேடியோ துணைக்கு வந்தாள். லிஃப்டுக்குள் ஏறித் திரும்பிப் பார்த்தால் பெரியவளைக் காணோம். நாலாவது மாடியில் கதவு திறந்தபோது, அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பெரியவளின் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினாள். எண்ணைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது.

"சிஸ்டர், எழுதிடாதீங்க!" என்று ரேடியோ குறுக்கே பாய்ந்தாள். "இவங்க படியில ஓடி வந்திருக்காங்க. போன ரெண்டு தடவையும் இதே கூத்துதான் நடந்திருக்கும், கேட்டுப் பாருங்க."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கடைசி நேரத்துல இன்னும் கொஞ்சம் இறங்குமேன்னு..."

"அம்மா, ஓடும்போது பிரஷர் ஏறத்தான் செய்யும். ஓஞ்சு உட்கார்ந்த பிறகுதான் இறங்கும்" என்றாள் நர்ஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உட்கார வைத்து மறுபடி அளந்தபோது குறைந்துதான் இருந்தது. ஆனாலும் கத்தி வைக்கிற அளவுக்குக் குறையவில்லை. டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குவது இன்றோடு சரி. தினமும் நடக்க வேண்டும்.

"எவ்வளவு வேகமா, டாக்டர்?"

"கூட வர்றவங்களோட பேச முடியணும், பாட முடியக்கூடாது. இப்போதைக்கு அந்த வேகம் போதும். கூட்டணும்னா என்னைக் கேட்டுட்டுக் கூட்டுங்க."

"இவங்க பாடினா எந்த வேகத்துலயும் ஆபத்துதான், டாக்டர்" என்றாள் ரேடியோ.

மறுநாளே தெருவில் பெரியவள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். பின்னாலிருந்து குரல் துரத்தியது. "அக்கா! அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. குளிச்ச டவலைக் கட்டில் மேலயே போடறாங்க. ஏன்க்கா அப்படி? பதில் சொல்லுங்க!"

பெரியவளுக்கு இரைத்தது.

"பதில் வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்!"

வேறு வழியில்லாமல் நடையைக் குறைத்தாள். "உன் புருஷனாவது கட்டில்ல போடறான். என் வீட்டுக்காரர் தோள்ல போட்டுக்கிட்டே டவல் எங்கேன்னு என்னைக் கேக்கறார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல, வளர்த்தவங்களைச் சொல்லணும். கல்யாணமான புதுசுல ஒரு நாள்..."

"போதும்க்கா. மூச்சு விடாம நீட்டி முழக்கறீங்க, நடை சோம்பிப் போச்சு. எட்டிப் போடுங்க."

இப்படியே மாதம் ஓடியது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து இத்தனை வருஷம் ஊசி கோத்து முடிந்ததுமே கதவைச் சாத்திக்கொண்டாளோ, அந்தச் சத்தம் மாடிப்படியில் இறங்கி வருகிறதா என்று செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள். மாதக் கடைசியில் இருவரும் லிஃப்டில் போனார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினாள். அடுத்த வாரமே ஆபரேஷன் முடிந்தது.

டாக்டர் மெஷினைத் தொடலாம் என்று சொன்ன நாள், ரேடியோ வழக்கம்போலப் பேசிக்கொண்டே உள்ளே வந்தாள். "தண்ணி மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுதுக்கா, அந்த மெக்கானிக் இருக்கானே..." ஊசியை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். எல்லா ஊசியிலும் நூல் கோத்தாகிவிட்டது. கறுப்பு நூல்கூட.

பெரியவள் மடியிலிருந்த துணியை நீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் வாய் இல்லைன்னா எனக்குக் கண்ணு இல்லடீ" என்றாள்.

மூலையில் ஈரத்துணி வாளி இருந்தது. ரேடியோ குனிந்து அதை எடுத்தாள். இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மோட்டார் கதையை முடிக்காமலேயே மொட்டை மாடிக்குப் படியேறினாள்.