பூவிழியின் மங்கு

மதியம் இரண்டு பத்துக்குப் போன் வந்தது. பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயங்கொண்டத்தில் பூவிழியின் பியூட்டி பார்லரில் அவளுடன் வேலை செய்யும் சக்தி அக்கா பேசினார்.

"ஆர்த்தி, நின்னுக்கிட்டு இருக்கியா? செத்த உக்காரு."

உட்கார்ந்தேன். அன்று விடியற்காலையில் பூவிழி உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். தலைவலி என்று படுத்திருக்கிறாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியில், அணைக்கரை தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது. மூளையில் ரத்தக்கசிவாம். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கும் அதே வயதுதான். அரியலூர் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

பூவிழிக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு இருந்தது. மகள் முத்தமிழ் பிறந்த பிறகு வந்தது. முதலில் டீத்தூள் சிந்தியதைப் போலிருந்தது, பிறகு படர்ந்துவிட்டது. பார்லர் ஆரம்பித்தபோது அவள் எடுத்த முதல் முடிவு, அதை யாருக்கும் காட்டுவதில்லை என்பது. "சொட்டைத்தலைக்காரன் தலைமுடி எண்ணெ வித்தா நீ வாங்குவியா?" என்று என்னிடம் கேட்டாள். காலையில் பால் வாங்கப் போகும்போதுகூட ஃபவுண்டேஷன் போட்டுக்கொண்டுதான் போவாள். அவளுடைய வெறும் முகத்தைப் பார்த்தவர்கள் அவளுடைய கணவர் அண்ணாதுரை, மகள், சக்தி அக்கா, நான். அவ்வளவுதான். தெருக்காரர்களுக்கு அவளுக்கு மங்கு இருப்பதே தெரியாது.

போன வருடம் ஆவணியில் ஒரு கல்யாணம். பெண்ணின் பெயர் நந்தினி. மாநிறம். பெண்ணின் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு ஷேடு தூக்கலாவே போடுங்க, மாப்பிள்ளை வூட்டுல எல்லாம் செவப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பூவிழி போட்டாள். கேட்பதைப் போடுவதுதான் அவள் தொழில். அம்மா வெளியே போனதும் அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டிருக்கிறாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல நான் மூஞ்சி கழுவுவேன்ல? அப்ப என்ன பண்றது?"

இதை என்னிடம் சொன்னபோது பூவிழி சிரிக்கவில்லை. "பொட்டு வெக்கிறாப்ல குனிஞ்சிக்கிட்டேன்" என்றாள்.

அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் கொல்லையில் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, வெயில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து, மணப்பெண்களின் படங்கள் மட்டுமே வரும் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிட்டாள். கீழே எழுதியிருந்தாள்: "இது என் முகம். மேக்கப் என் தொழில். எனக்கு ரெண்டுமே பிடிக்கும். தைரியம் இருக்கிறவங்க உங்க வெறும் முகத்தையும் அனுப்புங்க."

முதல் நாள் வந்ததெல்லாம் கேலி. "கரண்டு போனப்ப எடுத்ததா?" என்று ஒருவன். "பெண்ணியம் பேச வந்துட்டாங்க" என்று இன்னொருவன். சென்னையிலிருந்து படித்த பெண் ஒருவர், முகப்பூச்சு விற்றுப் பிழைப்பவர் முகப்பூச்சை எதிர்ப்பது போலி என்று நீளமாக எழுதியிருந்தார். பூவிழி எனக்குப் போன் செய்தாள்.

"ஏண்டி, பெண்ணியம்னு ஒண்ணு நம்ம காலேஜ்ல நடத்துனாங்களா?"

"ஒரு பேப்பரே இருந்துச்சு. நீ கட் அடிச்சிட்டு கேன்டீன்ல பஜ்ஜி தின்ன."

"அதான் ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறேன்" என்றாள். பிறகு, "நான் எதையும் எதிர்க்கலடி. வேணும்னா பூசுவேன், வேணாம்னா கழுவுவேன். என் மூஞ்சிக்கு எவன்கிட்ட கையெழுத்து வாங்கணும்?" என்றாள்.

இரண்டாம் நாளிலிருந்து பெண்களின் படங்கள் வரத் தொடங்கின. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண், நர்ஸ், கல்லூரி மாணவிகள், இரண்டு குழந்தைகளின் அம்மாக்கள். பருவும் தழும்பும் கருவளையமுமாக முகங்கள். வாரத்துக்கு ஒரு நாள் பூவிழி தன் முகத்தையும் அப்படியே போட்டாள். பார்லருக்குப் போகும் நாட்களில் வழக்கம்போல ஃபவுண்டேஷன் போட்டுக்கொண்டாள். தெருவில் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் இல்லை.

பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, அவள் தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இறந்தவர் எழுபது வயது அம்மாள். படத்தில் ரோஜாநிற உதட்டோடு பளபளவென்று இருந்தார். பூவிழி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பாவம், இந்தம்மா இப்புடி ஒருநாளும் இருந்ததில்ல. நான் போனா என்னை மங்கோட போடச் சொல்லு. நீதான் சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். பிறகு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டோம்.

செய்தி வந்த அன்று பஸ் பிடித்து அரியலூர் போய், அங்கிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஜெயங்கொண்டம் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. தெருமுனையில் ஃபிளெக்ஸ் தயாராக நின்றிருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு முகம். மங்கு இல்லை. மூக்கோரத்து மச்சம்கூட இல்லை. என்னுடன் பஸ்ஸை விட்டு இறங்கிய இரண்டு பெண்கள் அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நிற்காமல் நடந்தார்கள். வேப்பந்தட்டையிலிருந்து வந்த பூவிழியின் பெரியம்மாவும் அவர் மகளும். அவர்களுக்குப் பூவிழி எப்போதும் 'பாப்பா'தான். ஃபிளெக்ஸில் இருந்த பெயரை அவர்கள் படிக்கவில்லை.

"இது வேற யாரோ சின்னப் பொண்ணு செத்துருக்கு. நம்ம பாப்பா வூடு அடுத்த தெருவாட்டம் இருக்கு" என்றார் பெரியம்மா.

நான்தான் கூப்பிட்டேன். "பெரியம்மா, இங்கதான். இதுதான் பாப்பா."

அவர் திரும்பி வந்து மறுபடி அண்ணாந்து பார்த்தார். அங்கேயே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபிளெக்ஸ் ஏற்பாடு செய்தவர் அண்ணாதுரையின் தம்பி செல்லதுரை. நல்ல மனிதர், அன்றைக்கு ஓடியாடி எல்லாம் பார்த்தவர் அவர்தான். தனியே கூப்பிட்டு, மங்கு தெரியும் அந்தக் கொல்லைப் படத்தை என் போனில் காட்டினேன்.

"இதையா? ஏங்க, நாலு ஊரு சனம் வந்து நிக்குது. ஊருக்கே மேக்கப் போட்ட அண்ணிய இப்புடியா நிறுத்துறது?"

"அவளே கேட்டுக்கிட்டதுங்க."

"உயிரோட இருந்தப்ப ஆயிரம் சொல்லியிருப்பாங்க. நீங்க என்ன முறை அவங்களுக்கு?"

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "கூடப் படிச்சவ" என்றேன். "சரிங்க, உள்ள போயி உக்காருங்க" என்று பந்தல்காரரிடம் போய்விட்டார்.

உள்ளே பெண்கள் வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். புதிதாக வருபவர் முறை சொல்லிக்கொண்டே வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்வார். என் தங்கச்சியே என்று ஒருவர், என் மருமவளே என்று ஒருவர், நான் பெத்த மவளே என்று பெரியம்மா. என்னிடம் அப்படிச் சொல்லி அழ ஒரு சொல் இல்லை. இருபது வருடப் பழக்கத்துக்கு முறை கிடையாது. நான் சக்தி அக்காவுக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். பூவிழிக்கு மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். மஞ்சளுக்கு அடியில் மங்கு தெரிந்தது. எனக்குத் தெரிந்த முகம் அதுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தமக்குள் கிசுகிசுத்தார்கள். "மூளைல ரத்தம் கட்டுனது கன்னத்துல எறங்கியிருக்கு பாரு" என்றார் ஒருவர். சக்தி அக்கா என் விரலை இறுக்கிப் பிடித்தார்.

மறுநாள் காலை எடுத்தார்கள். நான் பெரம்பலூர் திரும்பினேன். அலுவலகத்தில் லீவு கேட்டதற்கு, உறவா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஒரு நாள்தான் கிடைத்தது.

பத்து நாள் கழித்து அண்ணாதுரை போன் செய்தார். அதிகம் பேசாதவர். முந்திரிக்கொல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"கருமாதிக்குப் படம் போடணும்மா. செல்லதுரை சொன்னான், நீ ஏதோ கேட்டியாம்."

பொங்கலன்று பூவிழி சொன்னதைச் சொன்னேன். கொல்லையில் எடுத்த படம் என் போனில் இருப்பதையும் சொன்னேன்.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. சனிக்கிழமை வர முடியுமா? எனக்கு அந்த ஸ்டுடியோக்காரன்கிட்டப் பேசத் தெரியாது."

போனேன். ஸ்டுடியோக்காரர் மதுரைவீரன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "எல்லாம் ரெடி சார். பாருங்க, எப்புடி இருக்கு." கொல்லையில் எடுத்த அதே படம்தான். ஆனால் மங்கு போயிருந்தது. மச்சமும்.

"இத எடுக்கச் சொன்னது யாரு?" என்றார் அண்ணாதுரை.

"யாரும் சொல்ல வேணாம் சார். படத்தைத் தொறந்தா கை தானா கன்னத்துக்குப் போயிரும். போனவங்களுக்கு ஒரு மரியாதை செய்ய வேணாமா?"

"மரியாதைதான்யா. திரும்பக் கொண்டா."

மதுரைவீரன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தட்டினார். முதலில் நெற்றியின் மினுமினுப்பு போனது. உதட்டுச் சிவப்பு போனது. மச்சம் வந்தது. பிறகு வலது கன்னத்தில் கொஞ்சம், இடது கன்னத்தில் கொஞ்சம் என்று மங்கு திட்டுத் திட்டாக வந்து சேர்ந்தது. அண்ணாதுரை திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்து. இதான்" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கருமாதியன்று அந்தப் படம்தான் மாலையோடு கூடத்தில் இருந்தது. தெருக்காரர்கள் உற்று உற்றுப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் வெளிப்படையாகவே கேட்டார், வேறு படம் கிடைக்கவில்லையா என்று. "இருந்துச்சு. அது அவ இல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணாதுரை இலை போடப் போனார். பழைய ஃபிளெக்ஸைச் செல்லதுரை கொல்லையில் முந்திரிக்கொட்டை காயவைக்கக் கவிழ்த்து விரித்திருந்தார்.

சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது முத்தமிழ் அம்மாவின் போனைக் கொண்டுவந்தாள். "ஆன்ட்டி, அம்மா பேஜ்ல எல்லாரும் ஏன் படம் வரலன்னு கேக்குறாங்க. எனக்கு எழுத வரல. நீங்களே சொல்லிடுங்க."

கொல்லைப் படத்தைப் போட்டு, நடந்ததை நான்கு வரியில் எழுதினேன். பிறகுதான் தனிச் செய்திகளைத் திறந்தேன். முகம் அனுப்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் பூவிழி தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அவரவர் முகத்தில் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லியிருந்தாள். ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்கு இல்லை. உங்க புருவம் யாரும் வரையாமலே வரைஞ்ச மாதிரி இருக்கு என்று ஒருவருக்கு. உங்க தழும்பு பிறை நிலா மாதிரி என்று ஒருவருக்கு.

கடைசியாக வந்தது ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு பெண்ணின் படம். பூவிழி இறப்பதற்கு முந்தைய நாள் வந்தது. அதற்கான பதிலில் 'உங்க சிரிப்புல' என்று மட்டும் அடித்திருக்கிறாள். அது இன்னும் அனுப்பப்படவில்லை.